மேலே வந்துவிட்டால் எண்ணெய் ஆகிவிடுமா?

எண்ணெய்க் கிணறு என்றதும் பலருக்கு நினைவில் வருவது சினிமாக் காட்சிதான். பூமியைத் துளைப்பார்கள், கறுப்பாக ஒரு ஊற்று வானம் வரை பீய்ச்சி அடிக்கும், கதாநாயகன் அதில் நனைந்துகொண்டே ஆடுவான். நிஜம் அப்படி இல்லை. வயதான எண்ணெய் வயல் ஒன்றில் மேலே வருவது பெரும்பாலும் தண்ணீர். சீனாவின் வடகிழக்கில் இருக்கும் டாச்சிங் வயலையே எடுத்துக்கொள்ளலாம். 1959-ல் கண்டுபிடிக்கப்பட்ட வயல் அது. 1976 முதல் 2002 வரை, 27 ஆண்டுகள் தொடர்ந்து, ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் எண்ணெய் கொடுத்தது. இன்று அங்கே மேலே வரும் திரவத்தில் 90 சதவீதத்துக்கும் அதிகம் தண்ணீர்தான்!

அந்தத் தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டு இன்னொரு ஆளும் மேலே வருகிறான். பெயர் பாலிமர். எண்ணெயை இன்னும் கொஞ்சம் கறந்துவிடலாம் என்று மனிதனே பூமிக்குள் அனுப்பி வைத்த பொருள் அது. உள்ளே போகும்போது அதற்கு ராஜ மரியாதை. கருத்தரங்குகளில் வரைபடம், பாடப்புத்தகத்தில் அத்தியாயம், அறிக்கையில் "கூடுதலாகக் கிடைத்த பேரல்கள் இத்தனை" என்று கொட்டை எழுத்து. வேலை முடிந்து மேலே திரும்பி வந்ததும்? ஏதோ பிற்சேர்க்கையில் இரண்டு பத்தி. எண்ணெய்த் தொழில் பாலிமருக்கு எழுதும் வரவு செலவுக் கணக்கில் செலவுப் பக்கம் பாதி காலியாகவே கிடக்கிறது. தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கப்படாத எண்ணெயை வரவில் வைப்பது கணக்கே அல்ல.

பாலிமர் எதற்கு?

முதலில் அடிப்படை. எண்ணெய் பூமிக்கடியில் குளம் போலத் தேங்கி இருப்பதில்லை. கல்லின் நுண்துளைகளுக்குள், ஸ்பாஞ்சில் தண்ணீர் போல, ஊறிக் கிடக்கிறது. இயற்கையான அழுத்தம் கொஞ்ச காலம்தான் அதை மேலே தள்ளும். பிறகு ஒரு கிணற்றின் வழியே தண்ணீரை உள்ளே செலுத்தி, இன்னொரு கிணற்றின் வழியே எண்ணெயை வெளியே தள்ளுவார்கள். இத்தனையும் செய்த பிறகும் பல வயல்களில் பாதிக்கு மேல் எண்ணெய் கல்லுக்குள்ளேயே தங்கிவிடும்.

காரணம் எளிது. தட்டில் வெல்லப்பாகை ஊற்றி, அதைத் தண்ணீரால் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் பாகை முழுதாகத் தள்ளாது. நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து அந்தப் பக்கம் ஓடிவிடும். பூமிக்கடியிலும் அதே கதைதான். கெட்டியான எண்ணெயைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் குறுக்கு வழியில் உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவிடுகிறது.

ஆகவே தண்ணீரையும் கெட்டியாக்கு என்றார்கள். லிட்டருக்கு 1 கிராம், 2 கிராம் பாலிமரைக் கலந்தாலே தண்ணீர் கஞ்சி போல ஆகிவிடும். பொதுவாகப் பயன்படுத்துவது பகுதி நீராற்பகுக்கப்பட்ட பாலிஅக்ரிலமைடு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஹெச்பாம். மூலக்கூறு எடை ஒரு கோடியைத் தாண்டும் நீள நீளமான சங்கிலிகள் அவை. டாச்சிங்கில் 1996 முதல் பெரிய அளவில் இந்த வேலை நடக்கிறது. தண்ணீரை மட்டும் செலுத்தியபோது கிடைத்ததற்கு மேல், பூமிக்கடியில் முதலில் இருந்த எண்ணெயில் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கு. சாதாரண விஷயம் இல்லை இது. அதை யாரும் மறுக்க வேண்டியதும் இல்லை.

திரும்பி வரும் விருந்தாளி

செலுத்திய பாலிமரில் ஒரு பகுதி கல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி நுண்துளைகளில் மாட்டிக்கொள்ளும். மீதி, சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ, உற்பத்திக் கிணற்றுக்கு வந்து சேரும். சங்கிலி கொஞ்சம் அறுந்திருக்கும், கொஞ்சம் வேதிமாற்றம் அடைந்திருக்கும், ஆனால் ஆள் இருப்பான். மேலே வரும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரிலும் சில நூறு மில்லிகிராம் பாலிமர் இருப்பது இப்படிப்பட்ட வயல்களில் சகஜம்.

மேலே என்ன நடக்க வேண்டும்? எண்ணெயும் தண்ணீரும் செபரேட்டர் என்ற பெரிய உருளைக்குள் போகும். எண்ணெய் லேசானது, மிதக்கும். தண்ணீர் கனமானது, அடியில் நிற்கும். மேலே இருப்பதை ஒரு குழாயிலும் கீழே இருப்பதை ஒரு குழாயிலும் எடுத்துவிடலாம். தெளிந்த ரசத்தில் தாளித்த எண்ணெய் நொடியில் மேலே வந்து மிதப்பது போலத்தான்.

இப்போது அதே எண்ணெயை வடிகஞ்சியில் ஊற்றிக் கலக்கினால்? அது அவ்வளவு சீக்கிரம் மேலே வராது. பாலிமர் கலந்த தண்ணீரில் நடப்பதும் இதுதான், இன்னும் மோசமாக. கிணற்றிலிருந்து வரும் வழியில் பம்ப், வால்வு என்று பல இடங்களில் திரவம் மோர் கடைவது போலக் கடையப்படுகிறது. எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைகிறது. சாதாரணமாக இந்தத் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிதாகிவிடும். ஆனால் ஹெச்பாம் எதிர்மின் சுமை கொண்டது. எண்ணெய்த் துளியின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டதே. துளியைச் சுற்றிப் பாலிமர் சூழ்ந்துகொண்டால் துளிகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. கிட்டே வந்தாலும் நடுவில் இருக்கும் கெட்டித் தண்ணீர்ப் படலம் வடிய நேரம் எடுக்கிறது. துளிகள் சேர்வதில்லை. தண்ணீர் பால் போலக் கலங்கியே நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

"கொஞ்சம் தாமதம் ஆகும், அவ்வளவுதானே" என்று நினைப்பவர்களுக்காக இந்தக் கணக்கு. திரவத்தில் ஒரு சிறு துளி எவ்வளவு வேகத்தில் மிதக்கும் என்பதற்கு 1851-ல் ஸ்டோக்ஸ் கொடுத்த விதி இருக்கிறது. கல்லூரி முதலாண்டு இயற்பியலிலேயே வந்துவிடும். வேகம் துளியின் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், திரவத்தின் பாகுத்தன்மைக்கு எதிர்விகிதம்.

எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு 900 கிராம், தண்ணீரின் அடர்த்தி 1000 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். துளியின் விட்டம் 30 மைக்ரான், தண்ணீர் சாதாரணத் தண்ணீர். அந்தத் துளி 1 மீட்டர் மேலேற சுமார் 5 மணி 40 நிமிடம் ஆகும்.

துளி 5 மைக்ரானாகச் சிறுத்தால்? விட்டம் 6-ல் 1 பங்கு, வேகம் 36-ல் 1 பங்கு. அதே 1 மீட்டருக்கு எட்டரை நாள். கூடவே மிச்சப் பாலிமரால் தண்ணீரின் பாகுத்தன்மை 3 மடங்கு ஆகிவிட்டால்? 25 நாளைத் தாண்டும்!

5 மணி நேரம் எங்கே, 25 நாள் எங்கே! இது வெறும் உதாரணக் கணக்கு என்பது உண்மைதான். உண்மையான தொட்டியில் துளிகள் பல அளவில் இருக்கும், ரசாயனம் சேர்ப்பார்கள், சூடு பண்ணுவார்கள், காற்றுக்குமிழ் விடுவார்கள். ஆனால் திசை மாறாது. பழைய தண்ணீருக்காகக் கட்டிய தொட்டியில் இந்தப் புதுத் தண்ணீரை விட்டால், அது பிரிவதற்கு முன்பே வெளியே போய்விடும். டாச்சிங்கில் பாலிமர்த் தண்ணீருக்கென்று தனியாகச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட வேண்டி வந்தது சும்மா இல்லை.

சூடு பட்டால் ஒட்டும்

பிரியவில்லையா, சூடாக்கு என்பது எண்ணெய்த் தொழிலின் பழைய வைத்தியம். சூட்டில் எண்ணெய் இளகும், துளிகள் வேகமாக நகரும். நல்ல வைத்தியம்தான், பாலிமர் வரும் வரை.

பூமிக்கடியில் இருந்த காலத்தில் ஹெச்பாமின் நீராற்பகுப்பு இன்னும் அதிகமாகிறது. அப்படிப்பட்ட சங்கிலிகள் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். வெப்பம் ஒரு எல்லையைத் தாண்டினால் கரைசலிலிருந்து பிரிந்து படியும். எங்கே படியும்? எங்கே சூடு அதிகமோ அங்கே. அதாவது ஹீட்டரின் நெருப்புக் குழாயின் மேல். பாத்திரத்தின் அடியில் பால் பிடிப்பது போல, உப்புப் படிவும் பாலிமரும் கலந்து ஒரு தோல் உருவாகிறது. வெப்பம் திரவத்துக்குப் போகாமல் அந்தத் தோல் தடுக்கிறது. திரவம் சூடாகவில்லையே என்று நெருப்பைக் கூட்டுவார்கள். குழாயின் உலோகம் இன்னும் சூடாகும், இன்னும் படியும். கடைசியில் நிலையத்தை நிறுத்திச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் குழாயே ஓட்டையாகும். இப்படி நிற்கும் நாட்களில் இழந்த எண்ணெயை எந்தக் கணக்கில் எழுதுவது?

இது இந்தியாவுக்கும் அந்நியமான விஷயம் அல்ல. ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் மங்களா வயல் 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டு 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியது. 2011-ல் பாலிமர் சோதனை தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் வயல் முழுவதுக்கும் விரிந்தது. அந்த எண்ணெய் மெழுகு நிறைந்தது. 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறினாலே உறையத் தொடங்கும். அதனால்தான் அதை குஜராத் கடற்கரை வரை கொண்டுபோக 600 கிலோமீட்டருக்கும் மேல் சூடாகவே வைத்திருக்கும் குழாய் போட்டார்கள். இப்படிப்பட்ட எண்ணெய்க்குச் சூடு இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. சூடான உலோகமோ மிச்சப் பாலிமருக்குப் பிடித்த இடம். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் பாலிமரைப் பற்றிப் பேசுவதில் என்ன அர்த்தம்?

மருந்துக்கு மருந்து

அடுத்த வைத்தியம் ரசாயனம். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்க நேர்மின் சுமை கொண்ட திரட்டிகளைச் சேர்ப்பது வழக்கம். எதிர்மின் சுமையுள்ள எண்ணெய்த் துளிகளை அவை இழுத்துச் சேர்க்கும். ஆனால் இங்கே தண்ணீர் முழுக்க எதிர்மின் சுமையுள்ள பாலிமர் அல்லவா இருக்கிறது? திரட்டி முதலில் போய்ப் பிடிப்பது அதைத்தான். எண்ணெய்த் துளிக்கு மிஞ்சுவது கொஞ்சம். போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்ற வேண்டும். இரண்டு பாலிமரும் பிணைந்து, எண்ணெயும் மண்துகளும் சேர்ந்து, பிசின் மாதிரி ஒரு கசடு உருவாகிறது. அது வடிகட்டியை அடைக்கும், தொட்டியின் சுவரில் அப்பும், பைப்பில் தேங்கும்.

உள்ளே ஒரு ரசாயனம், அதன் விளைவைச் சரிக்கட்ட மேலே ஒரு ரசாயனம், இரண்டும் சேர்ந்து பெற்ற பிள்ளையாக மூட்டை மூட்டையாகக் கசடு. எண்ணெய் கலந்த கசடு இந்தியாவின் 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. கண்ட இடத்தில் கொட்ட முடியாது. அதைச் சுரண்டி எடுப்பவர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். "கூடுதல் பேரல்" பட்டியலில் அவர் உழைப்புக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பாலிமரோடு காரமும் சோப்பு போன்ற வேதிப்பொருளும் கலந்து செலுத்தும் முறையில் நிலைமை இன்னும் சிக்கல். டாச்சிங்கில் 2014 முதல் அதுவும் தொழில் அளவில் நடக்கிறது. சோப்பின் வேலையே எண்ணெயைப் பொடித்துளியாக்குவது. காரம் பாறையின் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து உற்பத்திக் கிணற்றில் படிய வைக்கும், பம்ப் இறுகும். வலுவான காரத்தை விட்டு வலுக்குறைந்த காரத்துக்கு மாறுவதற்கு இந்தப் படிவுத் தொல்லை ஒரு முக்கியக் காரணம்.

எதிர்வாதங்கள்

"பாலிமர் போடாவிட்டால் இன்னும் அதிகத் தண்ணீர் மேலே வருமே, அது மட்டும் பரவாயில்லையா?" நியாயமான கேள்வி. பாலிமர் நன்றாக வேலை செய்யும் வயலில் ஒரு பேரல் எண்ணெய்க்கு மேலே வரும் தண்ணீர் குறையத்தான் செய்கிறது. அந்த லாபத்தை வரவில் எழுதட்டும். செலவையும் எழுதட்டும் என்பதுதான் கோரிக்கை. உண்மையிலேயே நல்ல திட்டம் என்றால் முழுக் கணக்கைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

"வெளியே விடுவதில்லையே, திரும்ப உள்ளேதானே அனுப்புகிறோம்?" இதுவும் பாதி உண்மை. திரும்ப அனுப்பும் தண்ணீரில் நுண்ணிய எண்ணெய்த் துளியும் துகளும் இருந்தால் அவை பாறையின் துளைகளை அடைக்கும். செலுத்தும் அழுத்தம் ஏறும். அந்த உப்புத் தண்ணீரிலேயே புதுப் பாலிமரைக் கரைத்தால் உப்பு சங்கிலியைச் சுருட்டிவிடும். அதே கெட்டித்தன்மைக்குக் கூடுதல் பாலிமர் தேவைப்படும். இரும்பு அயனியும் கொஞ்சம் ஆக்சிஜனும் சேர்ந்தால் சங்கிலி அறுந்தே போகும். திரும்ப அனுப்புவது நல்ல வழிதான், சுலபமான வழி அல்ல. கடல் நடுவே இருக்கும் மேடைகளுக்கோ இடமே பிரச்சினை. பெரிய தொட்டி கட்ட முடியாது. கடலில் விடும் தண்ணீரில் எண்ணெய் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் வரையறை.

"பாலிமர் விஷம் இல்லையே?" சரி, இல்லை. இந்த இடத்தில் எதிர்ப்பாளர்களும் நிதானமாகப் பேச வேண்டும். அக்ரிலமைடு என்ற மூலப்பொருளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-ல் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் அதிகம்" என்ற பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் பாலிஅக்ரிலமைடு வேறு, அக்ரிலமைடு வேறு. சங்கிலி அறுந்தாலே மூலப்பொருள் கொட்டும் என்று பயமுறுத்துவது அறிவியல் அல்ல. பிரச்சினை வேறு. இந்தச் சங்கிலியை நுண்ணுயிரிகள் எளிதில் தின்று தீர்ப்பதில்லை. தானாகப் போய்விடும் என்று விட முடியாத பொருள் அது. அதனோடு ஒட்டிக்கொண்டு எண்ணெயும் போகாது.

"சில சோதனைகளில் பாலிமர் பிரிவதை வேகப்படுத்தியிருக்கிறதே?" ஆம், அதுவும் உண்டு. குறைந்த அளவில் இருக்கும்போது நீண்ட சங்கிலி சில துளிகளைச் சேர்த்துக் கட்டி மிதக்க விடும். பாலிமரின் அளவு, சங்கிலியின் நீளம், உப்பு, எண்ணெயின் தன்மை எல்லாவற்றையும் பொறுத்தது அது. அதனாலேயே ஒரு வயலின் முடிவை எடுத்து இன்னொரு வயலுக்கு ஒட்ட முடியாது. ஒவ்வொரு வயலுக்கும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் வேறு என்ன வேண்டும்?

ஏன் கவனிப்பதில்லை?

காரணம் அறியாமை அல்ல, கால இடைவெளி. இன்று செலுத்தும் பாலிமர் நாளையே மேலே வருவதில்லை. அலாஸ்காவின் வடசரிவில் மில்ன் பாயிண்ட் வயலில் 2018 ஆகஸ்டில் செலுத்தத் தொடங்கிய பாலிமர் உற்பத்திக் கிணற்றில் தலைகாட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் "வெற்றி" என்று அறிக்கை எழுதி முடித்துவிடலாம். திட்டம் போட்டவர் பதவி உயர்வில் போயிருப்பார். கலங்கிய தண்ணீரோடு நடு இரவில் மல்லுக்கு நிற்பவர் வேறொருவர். பூமிக்கடியைப் பார்க்கும் பொறியாளர் ஒரு கட்டிடத்தில், தரைமேல் நிலையத்தைப் பார்க்கும் பொறியாளர் இன்னொரு கட்டிடத்தில். பாடத்திட்டத்திலும் இரண்டும் வேறு வேறு தாள். இடையில் பாலிமர் மட்டும் இரண்டு இடத்துக்கும் போய் வருகிறது!

ஆனால் அதே மில்ன் பாயிண்டில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் உதவியோடு, அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகமும் வயலை நடத்தும் நிறுவனமும் சேர்ந்து செய்த அந்த ஆய்வில், மேலே வரும் பாலிமர் கலந்த திரவத்தை எப்படிக் கையாளுவது என்ற கேள்வி ஆரம்பத்திலேயே சேர்க்கப்பட்டது. ஹீட்டர் குழாயில் எந்த வெப்பத்தில் படிகிறது, எந்தப் பொருளால் ஆன குழாயில் எவ்வளவு படிகிறது என்று ஆய்வகத்தில் பார்த்தார்கள். முடியாத காரியம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

செய்ய வேண்டியது

ஒன்று, பாலிமரைச் செலுத்த அனுமதி கேட்கும் அறிக்கையிலேயே, அது திரும்பி வரும்போது அதைப் பிரிக்கும் நிலையத்தின் வடிவமைப்பும் செலவும் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம் அல்ல.

இரண்டு, ஆய்வகச் சோதனையைப் பையிலிருந்து எடுத்த புதுப் பாலிமரை வைத்து மட்டும் செய்யக் கூடாது. மேலே வருவது அறுந்த, முதிர்ந்த, உப்போடு பழகிய பாலிமர். அதன் குணமே வேறு. சோதனையும் அதை வைத்துத்தான் நடக்க வேண்டும்.

மூன்று, "கூடுதல் பேரல்" என்று அச்சிடும் ஒவ்வொரு அட்டவணையிலும் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும். பிரிப்பதற்கு ஊற்றிய ரசாயனம், எரித்த எரிவாயு, சுரண்டிய கசடு, நிலையம் நின்ற நாட்கள் எல்லாம் அதில் வரட்டும். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான கூடுதல்.

நான்கு, தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் என்று அளப்பது போலவே, எவ்வளவு பாலிமர் என்றும் தொடர்ந்து அளக்க வேண்டும், அதை வெளியிடவும் வேண்டும். கசடு போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஐந்து, பெட்ரோலியப் பொறியியல் வகுப்புகளில் இந்த அத்தியாயம் மீட்பு சதவீதத்தோடு முடியக் கூடாது. எண்ணெய் தொட்டிக்கு வந்து, தண்ணீர் தெளிந்து, கசடு போய்ச் சேரும் இடம் தெரிந்த பிறகே முடிய வேண்டும்.

பால் கறந்தவுடனே வெண்ணெய் கிடைத்துவிட்டதாக எந்த வீட்டிலும் கணக்கு எழுதுவதில்லை. கடைந்து, திரட்டி, மோரைப் பிரித்த பிறகுதான் எழுதுவார்கள். எண்ணெய்க்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?